அதே 19 அம்பியர்: சாம்பல்தீவு வீடொன்றில் சார்ஜ் கொன்ட்ரோலர் மாற்றிய அனுபவம்

2024 ஜூலை. கச்சான் காற்று அனலாக வீசிக்கொண்டிருந்த ஒரு நண்பகலில் திருகோணமலையின் சாம்பல்தீவுப் பாலம் தாண்டி அந்த வீட்டுக்குப் போனேன். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் வீடு. ஊரே அவரை ரீச்சர் என்றுதான் அழைக்கும், நானும் அப்படியே. முன்னறையில் அவருடைய தாயார் படுத்த படுக்கையாக இருந்தார். படுக்கைப் புண் வராமலிருக்கக் காற்றுப் படுக்கை போட்டிருந்தார்கள். கட்டிலின் கால்மாட்டில் அதன் சிறு பம்பு ஓயாமல் முனகிக்கொண்டிருந்தது. தலைக்கு மேலே மின்விசிறி. இந்த இரண்டும் நிற்கக்கூடாது. அந்த வீட்டுக்குச் சூரிய மின்சாரம் வந்ததற்கே காரணம் அதுதான்.

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நீண்ட நாட்களை இலங்கையில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்தப் பயத்தில், அதே ஆண்டின் நடுப்பகுதியில், ரீச்சர் தன் சேமிப்பைக் கொடுத்து இதை அமைத்தார். 330 வாற்றுப் பனல்கள் இரண்டு. 12 வோல்ற்று, 150 அம்பியர்-மணி தியூபுலர் வகை ஈய-அமிலப் பற்றரிகள் இரண்டு, சமாந்தரமாக. ஒரு 12 வோல்ற்று இன்வேர்ட்டர். பனலிலிருந்து பற்றரிக்குப் போகும் மின்சாரத்தை ஒழுங்குபடுத்தும் சார்ஜ் கொன்ட்ரோலராகச் சுவரில் நீல நிறத்தில் ஒரு சிறு பிளாஸ்டிக் பெட்டி, அதன் முகப்பில் "எம்.பி.பி.ரி. 30 அம்பியர்" என்று அச்சிட்டிருந்தது. எம்.பி.பி.ரி. என்றால் பனலின் உச்ச வலுவைத் தேடி எடுக்கும் வகை. மின் கட்டணம் கூடும் என்று, மின்சபை இணைப்பிலிருந்து பற்றரி சார்ஜ் ஆவதை இன்வேர்ட்டரில் நிறுத்தி வைத்திருந்தார்கள்.

முதல் சோடிப் பற்றரி இருபது மாதத்தில் செத்துவிட்டது. 2024 பெப்ரவரியில் புதுச் சோடி வாங்கினார். ஐந்தே மாதத்தில் அதுவும் தளரத் தொடங்கியது. இரவு ஒன்பதரை, பத்துக்குள் இன்வேர்ட்டர் கீச்சிட்டு மின்சபை இணைப்புக்கு மாறிவிடும். அந்த நேரத்தில் ஊரில் மின்சாரமும் இல்லாவிட்டால் காற்றுப் படுக்கை மெல்லத் தளர்ந்து பலகை போலாகிவிடும்.

"தம்பி, பற்றரியில்தான் பழுது என்று சொல்கிறார்கள். இன்னொரு சோடி வாங்க என்னிடம் காசு இல்லை" என்றார் ரீச்சர்.

பற்றரியைக் குறை சொல்வது எல்லோருக்கும் எளிது. செத்த பற்றரி கண்ணுக்குத் தெரியும். அதைப் பட்டினி போட்ட பெட்டி தெரியாது.

அளந்து பார்த்தது

அன்று மாலை வெயில் தாழ்ந்த பிறகு ஹைட்ரோமீற்றரால் பன்னிரண்டு செல்களையும் அளந்தேன். நாள் முழுவதும் நல்ல வெயில் அடித்திருந்தும் அமில அடர்த்தி 1.140 அளவில்தான் இருந்தது. மறுநாள் விடியற்காலையில் 1.110. இந்த வகைப் பற்றரி நிரம்பியிருந்தால் 1.240 காட்ட வேண்டும். அதாவது, இந்தப் பற்றரிகள் ஒரு நாளாவது வயிறு நிறையச் சாப்பிட்டதில்லை. ஈய-அமிலப் பற்றரியை அரைவயிற்றில் மாதக்கணக்காக விட்டால் தகடுகளில் ஈய சல்பேற்று படிந்து இறுகிவிடும். நன்றாக இறுகிய பிறகு எவ்வளவு மின்னோட்டம் கொடுத்தாலும் அது எளிதில் கரையாது. முதல் சோடி அப்படித்தான் செத்திருக்கிறது.

ஆனால் நீலப் பெட்டியின் திரையில் பற்றரிப் படம் தினமும் நிறைந்தே தெரிந்ததாம். காரணம் எளிது. சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போது முனைகளில் 13.4 வோல்ற்று தெரியும். பெட்டி அதைப் பார்த்துத்தான் படம் வரைகிறது. ரீச்சர் அந்தப் படத்தை நம்பியதில் தவறே இல்லை.

நண்பகலில் கிளாம்ப் மீற்றரை எடுத்தேன். பனலிலிருந்து பெட்டிக்கு வரும் வயரில் 19.2 அம்பியர். பெட்டியிலிருந்து பற்றரிக்குப் போகும் வயரிலும் 19.2 அம்பியர். எனக்கு அதற்கு மேல் சான்று வேண்டியிருக்கவில்லை. உண்மையான எம்.பி.பி.ரி. கொன்ட்ரோலரில் இந்த இரண்டு எண்களும் ஒன்றாக இருக்காது. அது பனலின் உயர்ந்த வோல்ற்றளவை வாங்கி, பற்றரிக்கு ஏற்ற தாழ்ந்த வோல்ற்றளவாக மாற்றித் தரும். வோல்ற்றளவு இறங்கும் விகிதத்துக்கு மின்னோட்டம் ஏறும். உள்ளே போவதும் வெளியே வருவதும் ஒரே அம்பியர் என்றால் அது பி.டபிள்யூ.எம். வகை. பனலைப் பற்றரியோடு நேரே கட்டி, விட்டு விட்டு மூடித் திறக்கும் ஒரு சுவிட்சுதான் அது.

பெட்டியைக் கழற்றிக் கையில் எடுத்தேன். சவர்க்காரக் கட்டியின் கனம்கூட இல்லை. நான்கு திருகாணிகளைத் திறந்தால் உள்ளே ஒரு பச்சைப் பலகை, வரிசையாகச் சில மொஸ்பெற்றுகள் (மின்னணுச் சுவிட்சுகள்), கட்டைவிரல் அளவு இரண்டு கொள்ளளவிகள். செப்புக் கம்பிச் சுருள் எங்குமே இல்லை. வோல்ற்றளவை இறக்கி மின்னோட்டத்தை ஏற்றுகிற வேலைக்கு அந்தக் கனத்த சுருள் இல்லாமல் முடியாது. 30 அம்பியர் எம்.பி.பி.ரி. ஒன்றைத் தூக்கினால் ஒரு கிலோவுக்கு மேல் கனப்பதற்குச் சுருளும் அலுமினிய உடலுமே காரணம். ரீச்சரைப் பக்கத்தில் அழைத்துத் திறந்த பெட்டியைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "பெயரைப் பொய்யாக எழுதியிருக்கிறார்கள்" என்றார். எனக்கு இன்றும் அதை நினைத்தால் கோபம் வருகிறது. நோயாளி இருக்கிற வீட்டில் பொய்ப் பெயர் ஒட்டிய பெட்டியை மாட்டிவிட்டுப் போவது சிறிய குற்றமல்ல.

இதனால் போன மின்சாரம் எவ்வளவு? பனலின் பின்பக்க ஒட்டுத்தாளில் இருந்தவை: உச்ச வலுவில் 34 வோல்ற்று, 9.7 அம்பியர், திறந்த சுற்றில் 40.7 வோல்ற்று, குறுஞ்சுற்றில் 10.3 அம்பியர். 34 வோல்ற்றில் வேலை செய்ய வேண்டிய பனலை நீலப் பெட்டி பற்றரியின் 13 வோல்ற்றுக்கு இழுத்து இறக்கிவிடுகிறது. 19.2 அம்பியரை 13.2 வோல்ற்றால் பெருக்கினால் சுமார் 253 வாற்று. கூரையில் இருப்பதோ 660 வாற்று. வெப்பத்துக்கும் தூசுக்கும் கழித்தாலும் 550 வாற்றாவது கிடைத்திருக்க வேண்டும். பாதிக்கு மேல் ஒவ்வொரு நாளும் கூரையிலேயே நின்றுவிட்டது.

பி.டபிள்யூ.எம். என்றாலே மோசம் என்று சொல்ல மாட்டேன். 36 செல் கொண்ட, உச்ச வலுவில் 18 வோல்ற்று அளவில் இருக்கிற பழைய வகைப் பனலை 12 வோல்ற்றுப் பற்றரியோடு சேர்த்தால் அது மலிவாகவும் நன்றாகவும் உழைக்கும். ஒரு மீன்வாடிக்கு, இரண்டு பல்பு எரிக்க, நானே அதைத்தான் பொருத்திக் கொடுப்பேன். இங்கே வந்த கேடு பனலுக்கும் பற்றரிக்கும் பொருத்தமில்லாமல் போனதுதான்.

தேவை எவ்வளவு

கொன்ட்ரோலரைத் தெரிவதற்கு முன் வீட்டின் தேவையைக் கணக்கிட்டோம். காற்றுப் படுக்கைப் பம்பு 10 வாற்று, 24 மணித்தியாலம்: 240 வாற்று-மணி. அம்மாவின் மின்விசிறி 60 வாற்று, 16 மணித்தியாலம்: 960. மண்டப மின்விசிறிக்கு 300, ஐந்து எல்.ஈ.டி. பல்புகளுக்கு 225, இணையப் பெட்டிக்கு 240. மொத்தம் 1965. இன்வேர்ட்டரின் இழப்பையும் சேர்த்தால் பற்றரிப் பக்கத்தில் ஏறத்தாழ 2300 வாற்று-மணி தேவை. நீலப் பெட்டி நல்ல வெயில் நாளிலும் 1270 அளவில்தான் தந்திருக்கிறது.

பட்டியலைப் பார்த்தபோது முதலில் கண்ணில் பட்டது அந்த 960. அம்மாவின் மின்விசிறியை 30 வாற்றில் ஓடும் பி.எல்.டி.சி. (தூரிகையற்ற மோட்டார்) வகைக்கு மாற்றச் சொன்னேன். ஒரே நாளில் 480 வாற்று-மணி மிச்சம். பனல், பற்றரி, கொன்ட்ரோலர் எதை வாங்குவதற்கும் முன்னால் இந்த வேலையைச் செய்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

12 வோல்ற்றா, 24 வோல்ற்றா

இங்கேதான் அதிக நேரம் யோசித்தேன். எம்.பி.பி.ரி. கொன்ட்ரோலரின் அம்பியர் என்பது பற்றரிப் பக்கத்து அம்பியர். பனல்களின் மொத்த வாற்றைப் பற்றரியின் வோல்ற்றால் வகுத்தால் அது வரும். 12 வோல்ற்றிலேயே விட்டால் 660ஐ 12ஆல் வகுக்க 55 அம்பியர். 60 அம்பியர்ப் பெட்டி வேண்டும், அதற்குத் தடித்த வயரும் வேண்டும். அதே இரண்டு பற்றரிகளைத் தொடராகக் கட்டி 24 வோல்ற்று ஆக்கினால் 27.5 அம்பியர்தான். பற்றரியில் தங்கும் மின்சாரம் இரண்டு முறையிலும் ஒன்றே. ஆனால் இன்வேர்ட்டரை மாற்ற வேண்டும்.

முதலில் நான் 12 வோல்ற்றுக்குத்தான் சாய்ந்தேன். இருக்கிற இன்வேர்ட்டர் நன்றாக ஓடுகிறதே என்று. ரீச்சர் கேட்ட கேள்விதான் என்னை மாற்றியது. "பின்னுக்கு ஒரு பனல் கூட்டினால் இந்தப் பெட்டி தாங்குமா?" தாங்காது. 60 அம்பியர்ப் பெட்டி அந்த இரண்டு பனலிலேயே நிரம்பிவிடுகிறது. விலை விசாரித்தபோது, 60 அம்பியருக்கும் 35 அம்பியருக்கும் இடையிலிருந்த வித்தியாசமும் பழைய இன்வேர்ட்டரை விற்று வந்த காசும் சேர்ந்து புது 24 வோல்ற்று இன்வேர்ட்டரின் பெரும்பகுதியை அடைத்தன. 24 என்று முடிவெடுத்தோம்.

அடுத்தது பனல்களைச் சமாந்தரமாகவே விடுவதா, தொடராக்குவதா என்பது. திருகோணமலை வெயிலில் இந்தக் கேள்வியை அலட்சியப்படுத்தக் கூடாது. ஒட்டுத்தாளில் உள்ள 34 வோல்ற்று, செல் 25 பாகை செல்சியஸில் இருக்கும்போது அளந்தது. கச்சான் அடிக்கும் மதியத்தில் கூரைப் பனலின் செல் 65 பாகைக்குப் போகும். பாகைக்கு ஏறத்தாழ 0.35 சதவீதம் குறைவதாக வைத்தால் 34 வோல்ற்று 29.2 ஆகிவிடும். கூரையிலிருந்து கொன்ட்ரோலருக்கு 18 மீற்றர் தூரம், 4 சதுர மில்லிமீற்றர் செப்பு வயர். போய்வரும் தடை 0.17 ஓம். சமாந்தரத்தில் 19 அம்பியர் ஓடும்போது அதில் 3.2 வோல்ற்று போய்விடும். பெட்டிக்கு வந்து சேர்வது 26. 24 வோல்ற்றுப் பற்றரியை நிரப்ப 28.8 வரை ஏற வேண்டும். நல்ல எம்.பி.பி.ரி. வாங்கியும், கடும் வெயிலில் பற்றரி நிரம்பாமல் கிடந்திருக்கும்!

தொடராகக் கட்டினால் சூட்டிலும் 58 வோல்ற்று. மின்னோட்டம் பாதி என்பதால் வயரில் போவது 1.6 வோல்ற்று மட்டுமே. வேறு வயர் இழுக்கும் செலவும் இல்லை.

மேல் எல்லையையும் பார்க்க வேண்டும். கொன்ட்ரோலர் தாங்கக்கூடிய பனல் வோல்ற்றளவை ஒரு நொடி மீறினாலும் அது எரிந்து போகலாம், உத்தரவாதமும் கிடைக்காது. திறந்த சுற்றில் இரண்டு பனலுக்கு 81.4 வோல்ற்று. குளிரில் வோல்ற்றளவு ஏறும். பனி விழும் நாடுகளில் இதற்குப் பெரிய இடைவெளி விடுகிறார்கள். நமக்கு மார்கழி விடியலில் 20 பாகை என்று வைத்தால் போதும்: 82.5 வோல்ற்று. 100 வோல்ற்றுப் பெட்டி பொருந்தும். மூன்று பனலைத் தொடராக்கினால் 123ஐத் தாண்டிவிடும், அப்போது 150 வோல்ற்றுப் பெட்டி வேண்டும். "கூட்டுவதானால் சோடியாகக் கூட்டுங்கள், ஒற்றையாக வேண்டாம்" என்று ரீச்சரிடம் சொல்லி, அதைப் பெட்டிக்குப் பக்கத்துச் சுவரிலும் எழுதி வைத்தேன்.

அம்பியருக்கு வருவோம். 27.5க்கு 30 அம்பியர்ப் பெட்டியே போதும் என்று கடையில் சொல்வார்கள். பெரும்பாலும் அது ஓடும். ஆனால் மழை முகில் விலகி வெயில் சட்டென்று அடிக்கும்போது, முகிலின் விளிம்பிலிருந்து தெறிக்கும் ஒளியும் சேர்ந்து பனல் தன் அளவுக்கு மேல் தருவதை நான் பலமுறை மீற்றரில் பார்த்திருக்கிறேன். பல கொன்ட்ரோலர்கள் 40 பாகைக்கு மேல் தங்கள் வலுவைத் தாமே குறைத்தும் கொள்ளும். ஆகவே கால்பங்கு கூட்டி 34. சந்தையில் அதற்கு அடுத்தது 35. அதைத்தான் எடுத்தோம். காற்றாடி இல்லாத, அலுமினியச் செதில் உடல் கொண்ட மாதிரி. கடலிலிருந்து வரும் உப்புக் காற்றை உள்ளே உறிஞ்சும் காற்றாடி இந்தக் கரையோரத்தில் நீண்ட நாள் தாங்காது.

35 அம்பியரையும் பற்றரிக்குள் தள்ளக் கூடாது. 150 அம்பியர்-மணி தியூபுலர் பற்றரிக்கு அதன் கொள்ளளவில் பத்திலிருந்து பதினான்கு சதவீதம், அதாவது 15 முதல் 20 அம்பியர்தான் ஏற்றது. கொன்ட்ரோலரில் உச்ச மின்னோட்டத்தை 20 அம்பியருக்குக் கட்டுப்படுத்தி வைத்தேன்.

பொருத்திய நாள்

பழைய பெட்டி இருந்த இடம் சமையலறையோடு ஒட்டிய தகரக் கூரைச் சாய்ப்பு. பிற்பகல் இரண்டு மணிக்கு அங்கே 44 பாகை. கீழே பற்றரி, நேர் மேலே கொன்ட்ரோலர். அமில ஆவி பட்டு முனைகளில் பச்சை பூத்திருந்தது. புதியதை உள்நடைச் சுவருக்குக் கொண்டுவந்து, மேலும் கீழும் ஒரு சாண் இடைவெளி விட்டு மாட்டினேன். பற்றரிகள் காற்றோட்டத்துக்காகச் சாய்ப்பிலேயே இருந்தன. சுவருக்கு அப்பால்தான் என்பதால் இரண்டு மீற்றர், 10 சதுர மில்லிமீற்றர் வயர் போதுமாக இருந்தது. பற்றரியின் நேர்முனை அருகே 40 அம்பியர் பியூஸ்.

பனல் வயரில் இருந்த பிரேக்கர் வீட்டு ஆடலோட்டத்துக்கானது (ஏ.சி.). அதைக் கழற்றி எறிந்தேன். பனல் தரும் நேரோட்டத்தில் (டி.சி.), அதுவும் 80 வோல்ற்றில், சாதாரண பிரேக்கரைத் திறந்தால் உள்ளே மூளும் பொறி அணையாமல் நின்று பிளாஸ்டிக்கையே எரித்துவிடலாம். நேரோட்டத்துக்கென்று செய்த இருமுனைப் பிரேக்கரே வேண்டும்.

இணைக்கும்போது முதலில் பற்றரி, பிறகு பனல். கழற்றும்போது முதலில் பனல். பற்றரி இல்லாமல் பனலை மட்டும் கொடுத்தால் கொன்ட்ரோலர் 12ஐயும் 24ஐயும் குழப்பிக்கொள்ளும்; சில மாதிரிகள் பழுதாகியும் போகும்.

சார்ஜ் அளவுகளைத் தொழிற்சாலை வைத்தபடி விடவில்லை. நிரப்பும் கட்டத்துக்கு 28.8, நிரம்பிய பின் 27.2. இவை 25 பாகைக்கு உரியவை. சாய்ப்பில் பற்றரி 35 பாகையில் கிடக்கும்போது 28.8 அதிகம்; தண்ணீர் விரைவாக வற்றும். கொன்ட்ரோலரோடு வந்த வெப்ப உணரியைப் பற்றரியின் பக்கவாட்டில் ஒட்டினேன். பாகைக்கு ஏறத்தாழ 0.05 வோல்ற்று வீதம் அதுவே குறைத்து 28.3க்குக் கொண்டுவந்துவிடும். பலர் இந்த உணரியைப் பெட்டியோடு தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். நம்மூர்ச் சூட்டில் அது இல்லாமல் பற்றரிக்கு ஆயுள் இல்லை.

நண்பகலில் மறுபடியும் கிளாம்ப் மீற்றர். பனல் பக்கம் 9.4 அம்பியர், 58 வோல்ற்று. பற்றரிப் பக்கம் 19.6 அம்பியர். ரீச்சர் எட்டிப் பார்த்துவிட்டு முகம் சுருங்கினார். "தம்பி, முந்தியும் இதே 19 தானே காட்டியது?"

அதே 19தான். ஆனால் அன்று 13 வோல்ற்றில், இன்று 26.6 வோல்ற்றில். 253 வாற்று 520 வாற்றுக்கு மேலாகியிருக்கிறது. கணிதம் படிப்பித்தவர், பெருக்கிப் பார்த்துவிட்டுத்தான் தேநீர் போடப் போனார்.

விட்டுப்போன ஒன்று

என் கவனத்துக்குத் தப்பியது முருங்கை மரம். இரண்டாம் நாள் பிற்பகல் மூன்றரைக்கே மின்னோட்டம் படுத்துவிட்டது. ஒரு கிளையின் நிழல் மேற்குப் பனலில் விழுந்தது. தொடரில் ஒரு பனல் மறைந்தால் அதன் பைபாஸ் டையோடுகள் அதை விலக்கிவிடும். மிஞ்சுவது மற்றதன் 29 வோல்ற்று மட்டுமே. 24 வோல்ற்றுப் பற்றரியை மேலே ஏற்ற அது போதாது. சமாந்தரத்தில் இருந்தபோது இந்த நிழல் பாதியைத்தான் தின்றது, தொடரில் முழுவதையும் தின்கிறது. பொருத்துவதற்கு முன்பே பின்னேர நிழலைப் பார்த்திருக்க வேண்டியது என் பொறுப்பு. மறுநாள் கிளையை வெட்டினோம்.

பற்றரிகளை மீட்க முதல் இரண்டு இரவும் மின்சபை இணைப்பிலிருந்து சார்ஜ் கொடுத்தேன். பிறகு எல்லாச் செல்களையும் ஒரே அளவுக்குக் கொண்டுவர, கொன்ட்ரோலரின் சமப்படுத்தும் கட்டத்தில் 31 வோல்ற்றுவரை ஏற்றி, செல்களில் குமிழி எழ விட்டு, வடிநீர் ஊற்றினேன். மூன்று வாரத்தில் பதினொரு செல்கள் 1.230க்கு வந்தன. ஒன்று மட்டும் 1.195இல் நின்றது.

ஆவணி, புரட்டாதியில் கொன்ட்ரோலர் நாளொன்றுக்கு 2 கிலோவாற்று-மணிக்குக் குறையாமல் காட்டியது. மாலை நான்குக்குள் பற்றரி நிரம்பிவிடும். வாடைக்காலம் வந்ததும் கதை வேறு. நவம்பர், டிசம்பரில் முகில் மூடி மழை கொட்டிய நாட்களில் அரைக் கிலோவாற்று-மணிகூட வரவில்லை. எந்தக் கொன்ட்ரோலரும் இல்லாத வெயிலைக் கொண்டுவராது. அந்த வாடைக்காலம் முழுவதற்கும் இரவில் மின்சபை இணைப்பிலிருந்து சார்ஜ் ஆகும்படி அமைத்துக் கொடுத்தேன். கட்டணம் கொஞ்சம் கூடியது. மரம் விழுந்து கம்பி அறுந்த இரவுகளில் பம்பு நிற்கவில்லை.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் நாடு முழுவதும் மின்சாரம் நின்றதே, அன்று பக்கத்து வீட்டார் வந்து கேட்கும்வரை ரீச்சருக்கு அது தெரியாதாம்.

இப்போது இன்னொரு சோடிப் பனல் கூட்டலாமா என்று கேட்கிறார். தொடராகக் கட்டிய இரண்டு சோடிகளைச் சமாந்தரமாக்கினால் வோல்ற்றளவு அதே 82.5தான். குறுஞ்சுற்று மின்னோட்டம் 20.6 அம்பியர், இந்த மாதிரி அதையும் தாங்கும். 1320 வாற்றில் 35 அம்பியருக்கு மேற்பட்டதைக் கொன்ட்ரோலர் எடுக்காமல் விட்டுவிடும். வெயில் காலத்தில் அதனால் பயன் குறைவு, பற்றரி 20 அம்பியருக்கு மேல் வாங்காது. ஆனால் வாடைக்கால மூட்டத்தில் கிடைப்பது இரட்டிப்பாகும். அதற்காகக் கூட்டலாம் என்றுதான் சொல்லியிருக்கிறேன். அவர் அடுத்த ஐப்பசிக்கு முன் காசு சேர்க்கப் பார்க்கிறார்.

பின்தங்கி நின்ற அந்த ஒற்றைச் செல்லை மாதம் ஒருமுறை அவரே ஹைட்ரோமீற்றரால் அளந்து கொப்பியில் குறித்து வருகிறார். கடைசியாக எழுதியிருந்தது 1.205.